பம்பு அறைச் சாவி

முதுகுக்குப் பின்னால் அந்தத் தெரு அவரை அளவுகோல் என்று சொல்லும். முகத்துக்கு நேரே ஐயா. பொதுப்பணி அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதிலும் முதுகு நூல் பிடித்தாற்போல நிற்கும். முனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதானாலும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போவார்.

"உங்க மடிப்பைப் பார்த்துத்தான் பால் பொங்கப் போகுதா?" என்று மனைவி கேட்பாள்.

"ஏழாம் நம்பர் வீட்டு ஆள் கசங்கின சட்டையோட போனான்னு எவனும் சொல்லக் கூடாது."

ஏழாம் நம்பர் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர். அவருடைய அப்பா இருபத்தெட்டு வருடம் தெருச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். சங்கக் கூடத்தில் அவர் படம்தான் பெரிய படம். இன்றைக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் நடுச்சுவருக்காகச் சண்டை போட்டால், பழைய தலைவர் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார் என்று மூன்றாவது வீட்டுக்காரர் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் மகனுக்கு நெஞ்சு நிமிரும். உடனே உள்ளே ஏதோ ஒன்று சுருங்கும். நிமிர்வதை ஊர் பார்த்தது. சுருங்குவதை அவர் ஒருவர்தான் அறிவார்.

தெருவுக்கு நூறு வயது ஆகிறது, புத்தகம் போடலாம் என்று கிளம்பியவள் மருந்துக்கடைப் பெண். சங்கத்தின் இப்போதைய செயலாளர் அவள்தான். "ஐயா எழுதினாத்தான் சரியா இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?" என்று நோட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவரும் எழுதினார். சாக்கடை எந்த வருடம் மூடப்பட்டது, பதினேழாம் நம்பர் வீட்டு மாடிப்படி ஏன் மூன்று தடவை இடித்துக் கட்டப்பட்டது, ஒரு கழுதை சங்கக் கூடத்துக்குள் புகுந்து தேர்தல் வாக்குச்சீட்டுகளைத் தின்றதால் அந்த வருடம் இரண்டு தலைவர்கள் இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதினார். இருபத்து நான்கு வீடுகளையும் அடி, அங்குலம் பிசகாமல் வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார்.

தீ விபத்துக்கு மட்டும் இரண்டே வரி. "தச்சர் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீப்பிடித்தது. பம்பு அறைச் சாவி உரிய நேரத்தில் கிடைக்காததால் சேதம் அதிகமாயிற்று." எழுதி முடித்ததும் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பொய் என்று சொல்ல அதில் ஒரு எழுத்து இல்லை. உண்மை என்று சொல்லவும் அவ்வளவாக எதுவும் இல்லை.

அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது எட்டாம் நம்பர் வீட்டு நர்ஸம்மா கதவைத் தட்டினாள்.

நர்ஸம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். தெருவில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மேல் மரியாதையும் கொஞ்சம் பயமும் உண்டு. அவள் அப்பா தையல்காரர். அவரைத்தான் அந்தத் தெரு பூட்டுக்காரர் என்று சாகும்வரை கூப்பிட்டது.

"வாம்மா, உட்காரு" என்றார் பெரியவர்.

"உட்கார நேரமில்லண்ணே. மருந்துக்கடைப் பொண்ணு படிக்கக் குடுத்துச்சு. தீப்பிடிச்சது பத்தி எழுதியிருக்கீங்களே, அதுல எங்கப்பா பேரே இல்ல."

பெரியவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "வேணாம்னுதான் விட்டேன்."

"தெரியும். என் மனசு நோகக் கூடாதுன்னு விட்டிருக்கீங்க. அது உங்க பெரிய மனசு. ஆனா தெருவுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச விஷயத்தைப் புத்தகத்துல மறைச்சா, நானே வந்து கெஞ்சி எடுக்கச் சொன்ன மாதிரி ஆயிடும். எனக்கு அது வேணாம்." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதைத் திருத்திக் குடுங்க. நீங்க எழுதினதுக்குக் கீழேயே போடணும்."

தாளில் நான்கே வரி. மருந்துச்சீட்டு எழுதுவது போலச் சுருக்கமாக எழுதியிருந்தாள். தன் அப்பாவின் கவனக்குறைவால் பம்பு அறை திறக்கப்படாமல் போனது என்றும், அதனால் தச்சரின் இரண்டு கைகளும் முடங்கிப் போனதற்கு ஈடாக எதையும் தர முடியாது என்றும், தச்சர் குடும்பத்திடமும் தெருவிடமும் தன் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் இருந்தது.

"பிழை ஏதும் இருந்தா கூசாமத் திருத்துங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து வந்த மனைவி தாளை வாங்கிப் படித்தாள். "யாருக்கு வரும் இந்த மனசு! அறுபது வருஷம் கழிச்சு அப்பன் செஞ்ச தப்புக்கு மக கையெழுத்துப் போடறா. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"வெயில்" என்றார். அவர் நின்றது நிழலில்.

தீப்பிடித்த அந்தக் காலத்தில் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு ஒரே பம்பு. இரும்புக் கதவு போட்ட அறையில் மோட்டாரும், அவசரத்துக்கு நீளக் குழாயும் இருக்கும். சாவி வாரம் ஒரு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுத்த வீட்டுக்கு மாற வேண்டும். எந்த வீட்டு முறை என்று தெரிய, பம்பு அறைக் கதவில் ஓர் ஆணி இருக்கும். அதில் வீட்டு எண் போட்ட தகரத் தகடு தொங்கும். சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் தகட்டை மாற்ற வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர் பெரியவருடைய அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவி ஏழிலிருந்து எட்டுக்குப் போக வேண்டும். அப்பா விடிந்ததும் மேலதிகாரியை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனார். சாவி அவர் கோட்டுப் பையிலேயே போய்விட்டது. பத்து வயது மகனுக்குத் தகடு மாற்றும் வேலை என்றால் கொள்ளை ஆசை. அப்பா எப்படியும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று எட்டு மணிக்குச் சரியாக ஏழாம் நம்பர் தகட்டை எடுத்துவிட்டு எட்டாம் நம்பரை மாட்டினான். எட்டரைக்குத் தச்சர் பட்டறையில் மரத்தூள் பற்றிக்கொண்டது.

தெருவே தையல்காரர் வீட்டுக்கு ஓடியது. அவர் கையை விரித்தார். சாவி வரவில்லை என்றார். கடப்பாறையால் கதவைப் பெயர்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தச்சர் எரிகிற பட்டறைக்குள் புகுந்து வெறுங்கையால் பலகைகளை இழுத்துப் போட்டார். உயிர் தப்பியது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன்பிறகு அவர் உளி பிடிக்கவில்லை.

ஒன்பதரைக்கு அப்பா திரும்பினார். தையல்காரரைச் சுற்றிக் கூட்டம்.

"தகடு உன் நம்பர் காட்டுது. சாவி எங்கேய்யா?" என்றது கூட்டம்.

"தகடு மாறியிருக்கு, ஒத்துக்கறேன். சாவி என் கைக்கு வரலை. வந்திருந்தா நான் ஏன்யா பேசாம இருக்கப் போறேன்?"

அப்பாவின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அந்தக் கை வெளியே வரும் என்று மகன் பார்த்துக்கொண்டே நின்றான். வரவில்லை. அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"டேய், சாவியை இவர்கிட்ட குடுத்தியா இல்லையா?"

அவனுக்குக் கேள்வி புரிந்தது. என்ன பதில் வேண்டும் என்பதும் புரிந்தது. "குடுத்தேன்ப்பா" என்றான்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு சட்டையையும் சாவியையும் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். "பக்கத்து வீட்டுத் தையல்கடைக்குப் போய்ப் பொத்தான் தைக்கக் குடு. மிஷின் பக்கத்துல வெட்டுத்துணிக் கூடை இருக்கும். அதுல இதைப் போட்டுட்டு வா." அவன் போனான். தையல்காரர் முகம் கொடுத்துப் பேசினார். "உன்மேல எனக்குக் கோபமில்லடா. பயத்துல சொல்லிட்டே" என்றார். அவர் நூல் கோக்கக் குனிந்த நேரத்தில் அவன் கையை நீட்டிச் சாவியைக் கூடைக்குள் விட்டான். துணிக்குள் விழுந்ததால் சத்தம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் கூடையைக் கொட்டியபோது சாவியைக் கண்டவர் தையல்காரரே. கமுக்கமாகச் சாக்கடையில் எறிந்திருக்கலாம். அவர் சங்கத்துக்கு ஓடி வந்தார். "சாவி கிடைச்சிருச்சு! எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது!" என்றார். தெரு சிரித்தது. அன்றிலிருந்து பூட்டுக்காரர். தைக்கத் துணி வருவது குறைந்தது. அவர் தச்சருக்கு மட்டும் வருடந்தோறும் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தார். விரல் பிரியாதவர் மாட்டிக்கொள்ள வசதியாகப் பொத்தான் இல்லாத சட்டை. குற்றமுள்ள மனசு, அதான் தைத்துத் தருகிறான் என்றது தெரு.

தாளைத் திருத்த உட்கார்ந்த பெரியவர் இரண்டு நாள் பேனா மூடியைக் கழற்றவில்லை. திருத்த ஒரு பிழையும் இல்லை. எல்லாமே பிழை. பேசாமல் அப்படியே போட்டுவிடலாம். அவளே கேட்கிறாள். அப்பாவின் படத்துக்கு ஒரு கீறல் விழாது. இப்படி நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே குமட்டியது.

மூன்றாம் நாள் காலை இஸ்திரிச் சட்டையோடு எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போனார். நர்ஸம்மா வாசல் அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிழை நிறைய இருந்துச்சாண்ணே? மூணு நாள் எடுத்துட்டீங்க."

"இதைப் போட முடியாதும்மா."

"ஏன்?"

வழியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார். "சாவியை நான் உங்கப்பாகிட்ட குடுக்கவே இல்ல. மறந்துட்டேன். தகட்டை மட்டும் மாட்டிட்டேன். அடி விழும்னு பயந்து குடுத்தேன்னு பொய் சொன்னேன். அப்புறம் நானே கொண்டுபோய்க் கூடையில போட்டேன். எல்லாம் நான் செஞ்சது."

கீரைத்தண்டு அவள் கையில் அப்படியே நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் தண்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். குரல் ஆஸ்பத்திரியில் பேசுவது போல நிதானமாக இருந்தது.

"அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"பத்து."

"பத்து வயசு. குழந்தை. ஒரு குழந்தை பயந்துபோய்ச் செஞ்சதுக்கு நான் என்ன சொல்ல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் இதைச் சுமந்துட்டா இருந்தீங்க? போங்கண்ணே. போய் நிம்மதியா இருங்க."

பெரியவர் எழுந்தார். வாசற்படி வரை வந்தார். உடம்பு லேசாகும் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பதில் யாரோ முகத்தில் துப்பிவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கியது போல இருந்தது. அறுபத்தோரு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில் இதே மாதிரி ஒரு மன்னிப்பை வாங்கிக்கொண்டுதான் அவர் கூடைக்குள் கையை விட்டார். தையல்காரரின் மன்னிப்பையும் பொய் சொல்லி வாங்கினார். இப்போது மகளுடையதையும்.

திரும்பி உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"அப்பாதான் போடச் சொன்னார்."

"என்னது?"

"சாவி அப்பா கோட்டுப் பையில இருந்துச்சு. கூட்டத்துல நிக்கும்போதும் அங்கேதான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவர்தான் என் கையில குடுத்து, கூடையில போட்டுட்டு வான்னார்."

நர்ஸம்மா எழுந்து நின்றாள். மடியில் இருந்த கீரை தரையில் சிதறியது. "தலைவரா?"

"ஆமா."

"எங்கப்பாவைக் கூட்டத்துல நிறுத்தி, பரவாயில்ல, மன்னிச்சு விட்டுடலாம்னு சொன்னாரே... அந்தத் தலைவரா?"

அவர் தலையசைத்தார். அதையும் அப்பா சொல்லியிருந்தார். அது பெருந்தன்மை என்று சங்கத்தின் பழைய அறிக்கையில்கூட இருந்தது.

அவள் கீரையை மிதித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "இருபது வயசுல நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் தெரியுமா? தச்சர் மாமா கைக்கு மருந்து போடணும்னு. தோல் வெடிச்சு வெடிச்சுப் புண்ணாகும். வாரத்துக்கு ரெண்டு தடவை, அவர் சாகற வரைக்கும் கட்டுப் போட்டேன். அதுக்கு நான் வருத்தப்படல. யாராவது போடணும், நான் போட்டேன். ஆனா எங்கப்பா..." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கடைசி நாள்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சாவி வரலம்மா'ன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'போதும்ப்பா, இப்பவாவது ஒத்துக்கோங்க'ன்னேன். அப்புறம் அவர் பேசவே இல்ல."

இவ்வளவு நாளாகப் பெரியவர் தன் வீட்டின் பாரம் என்று நினைத்திருந்ததை, இறக்கிவைக்க வந்த இடத்தில் இன்னொருத்தி தலையில் தூக்கி வைத்துவிட்டார். அவர் இனி என்ன செய்தாலும் அது அவள் தலையை விட்டு இறங்காது.

"என்னை..." என்று ஆரம்பித்தார்.

"கேக்காதீங்க. முதல்ல சொன்னேனே, அதையும் திருப்பி வாங்கிக்கறேன். அது பத்து வயசுப் பையனுக்குச் சொன்னது. பத்து வயசுப் பையன் அன்னைக்கே போயிட்டான். இப்ப என் முன்னாடி நிக்கறது எழுபது வயசு ஆளு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிகூட அப்பாவைக் காப்பாத்திட்டுப் போகப் பார்த்தீங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை.

"நாளைக்கு அச்சுக்குப் போகுதுல்ல? எழுதுங்க. என்கிட்ட சொன்னது பத்தாது. என் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் புத்தகத்துல படிச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவளிடம் சொல்லாத ஒரே விஷயம் அது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமாவா அப்படி? என்னை மகளே மகளேன்னு கூப்பிட்ட மாமாவா?"

"ஆமா."

"இப்ப அதைப் புத்தகம் போட்டுத் தெருவுல விக்கணுமா? நம்ம பொண்ணுங்க மாமனார் வீட்ல தலை காட்ட வேணாமா? அவளுக்குத்தான் தெரிஞ்சிடுச்சே, அவ கால்ல வேணா நானும் வந்து விழறேன். ஊருக்கு எதுக்குங்க?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நேற்று வரை அவரே தனக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தைகள்தான். "அவங்கப்பாவை ஊர்தானே பேசுச்சு" என்று மட்டும் சொன்னார்.

மேஜையில் உட்கார்ந்தார். அரை மில்லிமீட்டர் கோட்டை நடுங்காமல் இழுத்த கை, "என் அப்பா" என்பதைத் தாண்டி ஒரு எழுத்தும் எழுத மறுத்தது. நாலு தாள் கசக்கிப் போட்டார். கடைசியில் மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் செய்தார். அவள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு லேப்டாப்போடு வந்தாள்.

"நான் சொல்லச் சொல்ல நீ அடிம்மா. நடுவுல எதுவும் கேக்காதே."

சொன்னார். நாற்காலியில் சாயாமல், அலுவலகத்தில் அறிக்கை சொல்வதைப் போல, தேதி, நேரம், இடம் சேர்த்துச் சொன்னார். ரயில் நிலையம் வரை விறுவிறுவென்று ஓடிய அவள் விரல்கள் கோட்டுப் பை வந்ததும் மெதுவாகின. கூடை வந்ததும் நின்றுவிட்டன. மருந்துக்கடையும் சங்கக் கூடமும் ஒரே கட்டடம். தினமும் கடை திறக்கும்போது அவள் அந்தப் பெரிய படத்தைத் தாண்டித்தான் போவாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் தயங்கி. "இந்த இடத்துல, வீட்டுப் பெரியவங்க சொன்னபடின்னு பொதுவாப் போட்டுக்கலாமா? படிக்கிறவங்க புரிஞ்சுப்பாங்க. உங்களுக்கும் கொஞ்சம்..."

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

அவருக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. படத்தில் இருக்கிற முகம் இல்லை. காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம். அவரும் நல்லவர்தான் என்று இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லத் துடித்தது. அதைச் சொல்லலாம். அதற்கு வேறு பக்கம் இருக்கிறது. அப்பா தெருவுக்குச் செய்த நல்லதைப் பற்றிப் பதினொரு பக்கம் ஏற்கெனவே எழுதியாயிற்று.

"என் அப்பா சொன்னார்னே போடு" என்றார். "சங்கத் தலைவர்னும் சேர்த்துப் போடு. தெருவுல ரெண்டு மூணு தலைவர் இருந்திருக்காங்க. எந்த வருஷம்னும் போட்டுடு, மத்தவங்க மேல சந்தேகம் வரக் கூடாது."

விசைகள் மறுபடி தட்டப்படும் சத்தம் கேட்டது. மனைவி உள்ளே போனாள். பாத்திரங்களை வழக்கத்தைவிடப் பலமாக வைத்தாள்.

"அடுத்தது சொல்லுங்கய்யா."

"தையல்காரர் சாவியைத் தானே கொண்டு வந்து ஒப்படைத்தார்" என்றார் பெரியவர். "அன்று தெருவில் உண்மை பேசியவர் அவர் ஒருவரே."

சொல்லிவிட்டு, அவள் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.